பம்ப் அடித்தால் படபடப்பு: வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு 7 மாதம். சின்ன வயதிலிருந்தே வீசிங். நீல பம்ப் அடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இணையத்தில் படித்துப் பயந்து, தினமும் எடுத்த ஸ்டீராய்டு பம்பை நிறுத்திவிட்டேன். மருந்துக்கடையில் கொடுத்த சால்பியூட்டமால் 4 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் சர்க்கரை 148. குழந்தையின் இதயத்துக்கு ஆபத்தா?

பதில்: பம்பால் ஆபத்தில்லை. பம்புக்குப் பயந்து மாத்திரைக்குப் போனீர்களே, அதுதான் கவலை. நீல பம்பிலும் மாத்திரையிலும் இருப்பது ஒரே மருந்துதான், சால்பியூட்டமால். பம்பில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம்; இரண்டு அடித்தால் 200. உங்கள் மாத்திரையில் 4,000. அதாவது 20 மடங்கு! பம்ப் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரையோ உடம்பெல்லாம் சுற்றுகிறது. ரத்தக்குழாய்கள் தளரும், அதை ஈடுகட்ட இதயம் ஓடும். கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும். பொட்டாசியம் குறையும். உங்கள் 148-இல் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் 140-ஐத் தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரைதான் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்த எச்சரிக்கை அநேகமாக 2011-இல் அமெரிக்க மருந்துத் துறை டெர்பியூட்டலின் என்ற, சால்பியூட்டமால் வகையைச் சேர்ந்த மருந்தைப் பற்றி விடுத்தது. குறைமாதப் பிரசவ வலியை நிறுத்த நாள்கணக்கில் ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுத்ததால் தாய்மாருக்கு வந்த இதயக் கோளாறு பற்றியது அது. வீசிங்குக்கு இரண்டு பஃப் எடுப்பவருக்கு அது பொருந்தாது.

கை நடுக்கம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், விடுங்கள். கர்ப்பத்தில் நாடி எப்படியும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடும்.

மாத்திரையை விட்டுவிட்டு, நிறுத்திய ஸ்டீராய்டு பம்பை இன்றே தொடங்குங்கள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு நிறுத்தும் கர்ப்பிணிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. தாய்க்கு மூச்சு திணறினால் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இவைதான்: நீல பம்ப் அடித்த நிம்மதி 4 மணி நேரம்கூட நிற்கவில்லை, அல்லது ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படியே. நடுராத்திரி என்றாலும் 108-ஐ அழையுங்கள். வழியில் நீல பம்ப் அடியுங்கள், படபடப்புக்குப் பயந்து நிறுத்தாதீர்கள்.