பெந்த்ரெஷின் தந்தை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு வயது 22. இரண்டு ஆண்டுகளாக மனநலச் சிகிச்சையில் இருக்கிறான். அவன் விரும்பிப் படிப்பது மார்வெலின் ‘மூன் நைட்’ காமிக்ஸ் ஒன்றைத்தான். அதன் நாயகனுக்கு மனச்சிதைவு நோய். எகிப்தின் நிலவுத் தெய்வம் அவனிடம் பேசிக்கொண்டே இருக்கிறது. நிலவுக்கும் பித்துக்கும் உள்ள பழைய தொடர்பைத்தான் இந்தக் கதை குறியீடாக ஆள்கிறதா? அந்தத் தெய்வம் உண்மையா, நோயின் குரலா? இதைப் படித்தால் நோய் முற்றிவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். புத்தகங்களை எடுத்து ஒளித்துவைத்துவிடலாமா என்று நானும் யோசிக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் அதே தெய்வத்தைப் பற்றிய ஒரு பழைய எகிப்தியக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பை நான் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அந்த வரி இப்போதும் செல்லுபடியாகும்.

நிலவையும் பித்தையும் முடிச்சுப் போடுவதை விட்டுவிடுங்கள். அது லத்தீன் மொழியின் வழியாக ஐரோப்பா கொண்டுவந்து சேர்த்த சரக்கு. எகிப்தியர்களுக்கு நிலவு காலத்தை அளக்கும் கருவி. நீங்கள் சொல்லும் நிலவுத் தெய்வத்தின் எகிப்தியப் பெயர் கோன்சு, காமிக்ஸில் கோன்ஷு. அந்தப் பெயருக்கே வானைக் கடந்து செல்பவன் என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

ஆனால் நோயின் பெயரை நீங்கள் தவறாக எழுதியிருப்பதை அப்படி விட முடியாது. மூன் நைட்டாகிய மார்க் ஸ்பெக்டருக்கு இருப்பதாக இன்றைய கதைகள் சொல்வது மனச்சிதைவு அன்று. ஒருவருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் மாறி மாறித் தலைதூக்குகிற, இடையிடையே நினைவு அறுந்துபோகிற விலகல் அடையாளக் கோளாறு அது. பெரும்பாலும் சிறுவயதில் பட்ட கொடுமைகளோடு சேர்த்துப் பேசப்படுவது. வீட்டில் ஒருவர் இரண்டு ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருக்கும்போது, இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் சோம்பேறித்தனத்துக்கு உங்களுக்கு உரிமை இல்லை.

இந்தப் பாத்திரம் நோயாளியாகப் பிறக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1975இல் எழுத்தாளர் டக் மென்ச்சும் ஓவியர் டான் பெர்லினும் ஓர் ஓநாய் மனிதனின் கதையில் கூலிக்கு அந்த ஓநாய் மனிதனைப் பிடிக்க வந்தவனாக அவனை நுழைத்தபோது அவனுக்குத் தெய்வமும் இல்லை, நோயும் இல்லை. தனி இதழ் தொடங்கிய 1980இல்தான் எகிப்தியக் கல்லறை ஒன்றில் கோன்ஷு சிலையின் காலடியில் அவன் செத்துப் பிழைத்தான். செல்வந்தன் ஸ்டீவன் கிராண்ட், டாக்சி ஓட்டும் ஜேக் லாக்லி என்ற இருவரும் அப்போது அவன் போட்டுக்கொண்ட வேடங்கள் மட்டுமே. பல ஆளுமை நோயைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பட்டியலிட்டதும் அதே 1980இல்தான். இன்றைய பெயர் 1994இல் வந்தது. வேடங்களாக இருந்தவர்கள் மெல்ல மெல்ல ஒரே உடம்பின் குடியிருப்போர் ஆனார்கள். 2016இல் தொடங்கி ஜெஃப் லெமைர் எழுதி, பெரும்பாலும் கிரெக் ஸ்மால்வுட் வரைந்த 14 இதழ்கள், ஒரு மனநல விடுதிக்குள் மார்க் கண்விழிப்பதில் தொடங்கி, அவன் கோன்ஷுவை மறுத்துவிட்டுத் தன் மற்ற முகங்களைத் தன்னவர்களாக ஏற்றுக்கொள்வதில் முடிகின்றன. உங்கள் தம்பி வாசிப்பது இவற்றையென்றால் அவருடைய ரசனை என்னுடையதைவிட மேலானது. நான் அவர் வயதில் படித்த காமிக்ஸ்களை வெளியே சொல்ல முடியாது.

இனி நான் சொல்ல விரும்பியது. காமிக்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்ட கோன்ஷு, ஆளை அடிமையாக்கி ஏவுகிற தெய்வம். அந்த முகம் கற்பனை ஒன்றும் இல்லை. சுமார் 4300 ஆண்டுகளுக்கு முந்தைய ஊனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவரில், மன்னனுக்காகக் கழுத்துகளை அறுத்துக் குடலை உருவுகிறவனாகவே கோன்சு வருகிறான். ஆனால் பிற்காலத்தில் எகிப்தின் தீப்ஸ் நகரத்துக் கர்னாக்கில் கோயில் கொண்ட கோன்சு வைத்தியன். அவன் வைத்தியம் செய்ததோ இன்னது என்று சொல்ல முடியாத ஒரு நோய்க்கு.

அந்தக் கதையைச் சொல்லும் கல் கர்னாக்கில் கிடைத்து, இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸ் காலத்து நிகழ்ச்சி என்று அது சொல்லிக்கொண்டாலும், பல நூற்றாண்டுகள் கழித்துப் பூசாரிகள் பொறித்தது என்பதே அறிஞர்களின் முடிவு. பக்தான் என்ற தொலைநாட்டுத் தலைவனின் இளைய மகள் பெந்த்ரெஷுக்கு உடம்பு சரியில்லை. எகிப்திலிருந்து போன கற்றறிந்த எழுத்தர் ஒருவர் அவளை ஓர் ஆவி பற்றியிருப்பதாகக் கண்டு சொல்கிறார். பிறகு தெய்வமே புறப்படுகிறது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தீப்ஸில் நிலையாக வீற்றிருக்கும் கோன்சு, அலைந்து காரியம் முடிக்கும் இன்னொரு கோன்சுவுக்குத் தன் காக்கும் ஆற்றலை நான்கு முறை ஊட்டி அனுப்புகிறான். ஒரே தெய்வம், இரண்டு திருமேனிகள். ஒன்று மற்றதற்குத் துணை. நாயகனைப் பலராகப் பிரித்த காமிக்ஸ்காரர்கள் தெய்வமே இருவராக நிற்கும் இந்தக் கல்லை எப்படிக் கைவிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஓராண்டும் ஐந்து மாதங்களும் பயணம் செய்து கோன்சு வந்து சேர்கிறான், பெண் உடனே குணமாகிறாள். போரே நடக்கவில்லை. ஆவி அவனை வரவேற்று, வந்த வழியே போய்விடுவதாகச் சொல்லி, போவதற்குமுன் தனக்கும் இந்தத் தலைவனுக்கும் சேர்த்து ஒரு திருநாள் கொண்டாட வேண்டும் என்று கேட்கிறது. தெய்வம் தலையசைக்கிறது. விருந்து முடிந்து, ஆவி தான் விரும்பிய இடத்துக்குச் சமாதானமாகப் போய்விடுகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் அதை மறந்திருப்பேன். மகள் எழுந்து நடமாடிய பிறகும் தந்தைக்குப் பயம் போகவில்லை. இந்தத் தெய்வத்தை எகிப்துக்குத் திருப்பி அனுப்பப் போவதில்லை என்று அவன் தீர்மானிக்கிறான். குணமான பெண்ணின் வீட்டில் வைத்தியனை மூன்று ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் பிடித்துவைத்துக்கொள்கிறான். கல்லில் அவ்வளவு துல்லியமாகக் கணக்கு இருக்கிறது. ஆவி பேசியதைச் சொல்லும் கல், தெய்வம் பேசியதைச் சொல்லும் கல், அந்த மூன்றேமுக்கால் ஆண்டுகளில் பெந்த்ரெஷ் என்ன சொன்னாள் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது, ஆர். அம்மா அஞ்சுகிறார், நீங்கள் யோசிக்கிறீர்கள், நான் கருத்துச் சொல்ல வேண்டும். தம்பி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தக் கதையில் தனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

எனக்கு இப்படிக் கடிந்துகொள்ளும் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். என் அத்தை மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது எனக்குப் பத்து வயது. அவர் நன்றாகத்தான் இருந்தார். மாத்திரைகளை வேளை தவறாமல் தாமே எடுத்துக்கொண்டார், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் இரவு எல்லோரும் படுத்த பிறகு பாட்டி கிணற்றடிக்குப் போய் ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவி, வாளியோடு கொண்டுவந்து தம் கட்டிலுக்கு அடியில் வைப்பார். பல ஆண்டுகள் இது நடந்தது. கயிற்றின் ஈரத்தில் கட்டிலடித் தரை ஒரு வட்டமாகக் கறுத்துப்போயிருந்தது. அத்தைக்குத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். கல்லூரிக்குப் போவதற்கு முதல் நாள் அவரிடமே அதைக் கேட்டேன். “தெரியாம என்னடா? காலையில வெள்ளனா எழுந்து அதை மாட்டறதே நான்தானே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெந்த்ரெஷின் தந்தைக்குக் கடைசியில் ஒரு கனவு வருகிறது. தெய்வம் பொன் பருந்தாகிச் சந்நிதியிலிருந்து வெளியேறி எகிப்தை நோக்கிப் பறந்துபோகிறது. அவன் திடுக்கிட்டு விழித்து, பரிசுகளை ஏற்றித் தேரோடு அதை அனுப்பிவைக்கிறான். பாட்டிக்கு அப்படி ஒரு கனவும் வரவில்லை. வீட்டுக்கு மோட்டார் வந்த பிறகுதான் கயிறு கட்டிலடியை விட்டு வெளியேறியது.

தெய்வமா நோயா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. புத்தகங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாசிப்பு அவரைத் தொந்தரவு செய்கிறதா என்பதை மருத்துவர் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். லெமைரின் 14 இதழ்களில் தமக்குப் பிடித்தது எது என்று தம்பி எனக்கு எழுதினால் மகிழ்வேன். அந்தக் கடிதத்தை நீங்கள் திருத்தி அனுப்ப வேண்டாம்.