செய்தியோடைக்கு மீடியா வகை: படிவத்தைத் திறக்கும் முன்

கேள்வி: நூலகங்களின் புதுவரவுப் பட்டியலை நாங்கள் செய்தியோடையாக (செயலிகள் தானாகப் படித்துப் புதியவற்றைக் காட்டும் கோப்பு) தருகிறோம். ஆர்எஸ்எஸ் என்ற வடிவத்தில் ஒன்று இருக்கிறது. அதோடு, ஒவ்வொரு நூலும் கையிருப்பில் உள்ளதா என்ற விவரத்துடன் ஜேசன் என்ற தரவு எழுதும் முறையில் நாங்களே வகுத்த வடிவம் ஒன்றும் உண்டு. ஆர்எஸ்எஸ்ஸின் மீடியா வகையே (இது எந்த வகைக் கோப்பு என்று சர்வர் சொல்லும் பெயர்) முறைப்படி பதிவாகவில்லை என்கிறார்கள். அப்படியானால் சர்வரில் எதைப் போடுவது? எங்கள் ஜேசன் வடிவத்துக்கு ஒரு வகையைப் பதிவு செய்ய முடியுமா? கட்டணம் உண்டா?

பதில்: பதிவு செய்யலாம், கட்டணம் எதுவும் கிடையாது. இத்தகைய பெயர்களைப் பதிவு செய்யும் ஐயானா அமைப்பின் தளத்தில் ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பி அனுப்பினால் போதும். ஆனால் அதைத் திறக்கும் முன் உங்கள் குழுவுக்குள் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: இந்த வடிவத்தில் நாளைக்கு ஒரு திருத்தம் வேண்டுமென்றால், அதைச் செய்யும் அதிகாரம் யாருக்கு? ஆர்எஸ்எஸ் சிக்கிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான் என்பது என் கருத்து.

ஆர்எஸ்எஸ் 1999இல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. அப்புறம் அது இரண்டாகப் பிரிந்தது. ஆர்டிஎஃப் என்ற தரவு விவரிப்பு முறையை அடிப்படையாகக் கொண்ட 1.0 ஒரு பக்கம் போனது, டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் வளர்த்த 2.0 இன்னொரு பக்கம் போனது. 2.0 விவரக்குறிப்பின் உரிமை 2003இல் ஹார்வர்டின் பெர்க்மன் மையத்துக்கு மாற்றப்பட்டது. இனி இதில் பெரிய மாற்றம் செய்வதில்லை என்று அந்த ஆவணமே சொல்கிறது. ஆனால் பொதுத் தரத்துக்கான பிரிவில் ஒரு பெயர் பதிவாக வேண்டுமென்றால், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறொரு தர அமைப்பு அதன் பின்னால் நிற்க வேண்டும். ஆர்எஸ்எஸ் 2.0க்கு அப்படி யாரும் இல்லை. பதிவுக்காக வரைவு எழுதிப் பார்த்தும் காரியம் ஆகவில்லை.

ஆட்டம் என்ற இன்னொரு ஓடை வடிவத்துக்கு இந்தத் தொல்லையே வரவில்லை. அதை உருவாக்கியது ஐஇடிஎஃப்பின் பணிக்குழு. 2005 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 4287 என்ற அதன் எண்ணிட்ட ஆவணத்துக்குள்ளேயே பதிவுப் படிவமும் இருக்கிறது. கோப்பு நீட்டிப்பு என்ன, எழுத்துருவாக்கத்தை (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) எப்படிக் குறிப்பது, மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று எல்லாமே அதில் வரி வரியாக உண்டு. அதிகாரம் ஐஇடிஎஃப்பின் வழிகாட்டுக் குழுவுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் படிவத்தை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

முதலில் சர்வர். ஆர்எஸ்எஸ் ஓடைக்கு ‘அப்ளிகேஷன்/ஆர்எஸ்எஸ்+எக்ஸ்எம்எல்’ என்றே போடுங்கள். வேர்ட்பிரஸ் அப்படித்தான் அனுப்புகிறது, எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் வகைப் பட்டியலிலும் அதுவே இருக்கிறது. ஓடை படிக்கும் செயலிகளுக்கும் பழகிய பெயர் அதுதான். பதிவு இல்லையே என்று தயங்கி வேறு பெயர் வைத்தால், படிப்பவர்களுக்குத்தான் சிரமம்.

ஓடையை ‘.எக்ஸ்எம்எல்’ என்று முடியும் நிலையான கோப்பாக வைத்திருந்தால் மட்டும் கவனம் தேவை. எஞ்சின்எக்ஸ் அதை வழக்கமாக ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’ என்றுதான் அனுப்பும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பழைய வம்பு இருக்கிறது. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3023இன்படி, ‘டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்’ என்று சொல்லிவிட்டு எழுத்துருவாக்கத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தக் கோப்பு வெறும் ஆஸ்கி (தமிழுக்கு இடமில்லாத, ஆங்கில எழுத்துகளுக்கான முறை) என்றே கொள்ள வேண்டும். கோப்பின் முதல் வரியில் தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும் செல்லாது. விதியை அப்படியே கடைப்பிடிக்கும் நிரலுக்கு உங்கள் தமிழ்த் தலைப்புகள் எல்லாமே பிழையான எழுத்துகள். 2014 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 7303 இதை மாற்றிவிட்டது. இப்போது கோப்பின் தொடக்கத்தில் உள்ள பைட் வரிசைக் குறியை (எழுத்துருவாக்கத்தைக் காட்டும் சில பைட்டுகள்) முதலில் பார்க்க வேண்டும், அது இல்லையென்றால் மீடியா வகையைச் சொல்லி சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் வரியில் உள்ள குறிப்பு, அதுவும் இல்லையென்றால் கோப்பின் முதல் வரி. நல்ல மாற்றம்தான். ஆனாலும் பழைய விதியை நம்பி எழுதிய நிரல் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் சரியான மீடியா வகையையும் யூடிஎஃப்-8 குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சரி, உங்கள் ஜேசன் வடிவம். அது உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். ஆட்டம் ஓடைக்குள் வேறு பெயர்வெளியை, அதாவது தனியாக வகுத்த பெயர்த் தொகுப்பை, சேர்ந்த கூறுகளைச் சேர்க்க அனுமதி உண்டு. நூலின் கையிருப்பு நிலையை அப்படிச் சேர்த்துவிட்டால் புதுப் பெயரே வேண்டாம், இருக்கும் ஓடைச் செயலிகளும் தலைப்பையும் இணைப்பையும் வழக்கம்போலக் காட்டும். நானாக இருந்தால் அந்த வழியைத்தான் எடுப்பேன்.

ஜேசன்தான் வேண்டும் என்றால், மீடியா வகைப் பதிவு விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 6838 வகுத்த பிரிவுகளில் நிறுவனங்களுக்கானதில் பதியுங்கள். பெயர் ‘விஎன்டி’ என்று தொடங்கும், பிறகு ஒரு புள்ளி, உங்கள் அமைப்பின் பெயர், வடிவத்தின் பெயர், கடைசியில் ‘+ஜேசன்’. இதற்கு எந்தத் தர அமைப்பின் ஒப்புதலும் வேண்டியதில்லை, ஐயானா நியமித்த வல்லுநர் பார்த்துச் சொன்னால் போதும். ‘எக்ஸ்-’ என்று தொடங்கும் பெயரைத் தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். தற்காலிகமாக வந்த பெயர்கள் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன என்பதால்தான் 2012இல் ஆர்எஃப்சி 6648 அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது.

படிவத்தில் பலரும் அவசரத்தில் கடந்துபோவது பாதுகாப்புப் பகுதி. அதில் ‘சிக்கல் எதுவும் இல்லை’ என்று எழுதத் தோன்றும். நிறுவனங்களுக்கான பிரிவில் முழு ஆய்வு கட்டாயமில்லைதான், ஆனால் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். சிக்கல் இல்லை என்பதும், ஆராய்ந்து பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று ஆர்எஃப்சி 6838 வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் ஓடையில் நூல் அறிமுகம் ஹெச்டிஎம்எல்லாக வந்தால், அதற்குள் ஸ்கிரிப்ட் நுழையலாம். அதை எழுதுங்கள், படிக்கும் செயலி வடிகட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற இடத்தில் தனிநபர் பெயரைத் தவிர்த்து அமைப்பின் பெயரைப் போடுங்கள். நிரல் எழுதியவர் வேலை மாறிப் போனபின், ஒரு திருத்தத்துக்கு அவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எழுத்துருவாக்கத்துக்கான விருப்ப அளவுருவைச் சேர்க்க வேண்டாம், ஜேசனுக்கு அப்படி ஒன்று வரையறுக்கப்படவில்லை. குறிமுறை பற்றிய பகுதியில் ஜேசனுக்கு உள்ளதைப் போலவே ‘பைனரி’ என்று எழுதினால் போதும்.

ஒப்புதல் வரும்வரை ஓடையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. அதுவரை ‘அப்ளிகேஷன்/ஜேசன்’ என்றே அனுப்புங்கள். பிறகு புதுப் பெயருக்கு மாறும்போது, பழைய பெயரை நம்பியிருக்கும் செயலிகளை எழுதியவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.