விசிலும் டிஸ்டார்ஷனும்: செல்டிக் ஃபோக் மெட்டல் கேள்வி பதில்

கேள்வி: செல்டிக் ஃபோக் மெட்டலை, அதாவது அயர்லாந்து போன்ற இடங்களின் நாட்டுப்புற மெட்டை மெட்டல் ராக்கோடு கலக்கும் இசையை, எந்த பேண்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: க்ரூவகன். 1992இல் டப்ளினில் கீத் ஃபே தொடங்கியது. முதல் ஆல்பம் 'துவஹா நா கேல்' (1995) கரடுமுரடானதுதான், ஆனால் அயர்லாந்து மெட்டும் மெட்டலின் முரட்டு வகையான பிளாக் மெட்டலும் ஒன்றையொன்று தேடிக்கொள்வது அதில்தான் கேட்கும். அது ஒத்துவராவிட்டால் 2002இல் வந்த 'ஃபோக்-லோர்'. தி போக்ஸ் பாடகர் ஷேன் மெக்கவனும் அதில் இருக்கிறார்.

கேள்வி: அவ்வளவு கனமான கிதாருக்கு நடுவே சின்ன விசில் எப்படிக் கேட்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. டின் விசில் என்ற சின்னத் தகரக் குழல் பெரும்பாலும் டி சுருதி, அதாவது நம் கணக்கில் இரண்டு கட்டை. கிதாரின் தடித்த கம்பியையும் டிக்கு இறக்கினால் சுருதி சேர்ந்துவிடும். விசிலின் மிகக் கீழான சுரம்கூட அந்தக் கம்பிக்கு மூன்று ஸ்தாயி மேலே நிற்கிறது, அதனால் இரண்டும் இடித்துக்கொள்வதில்லை. அப்புறம், மெட்டல் கிதார் வாசிக்கும் பவர் கார்டில் ஆதார சுரமும் பஞ்சமமும்தான். கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் காந்தாரம் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். ஆகவே அந்த இடம் மெட்டுக்குக் காலியாகக் கிடைக்கிறது. அயர்லாந்து மெட்டுகள் பலவற்றின் சுரங்கள் ஹரிகாம்போதி, கரகரப்பிரியா சுரங்களே. நாகஸ்வரத்துக்கு ஒத்து நிற்பதுபோலக் கிதார் நின்றால் பாட்டு எழுந்து நிற்கும். மெட்டை ஓரத்தில் தூவினால் எடுபடாது.

கேள்வி: விசிலுக்குப் பதில் கீபோர்ட்?

பதில்: வேண்டாம். ஒரே சுரம் இரண்டு முறை வந்தால், விசில்காரர் மேல்துளை விரலைக் கணநேரம் தூக்கி அதைப் பிரிப்பார். அந்தச் சொடுக்கு கீபோர்டில் வராது.

கேள்வி: அயர்லாந்தின் பைக்குழலான இலியன் பைப் வாங்கலாமா?

பதில்: வாயால் ஊதுவதல்ல அது, முழங்கைக்கடியில் துருத்தி. கற்க ஏழு வருஷம், பழக ஏழு, வாசிக்க ஏழு என்பார்கள். மலிவு செட் மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன்: மேல் ஸ்தாயிக்கு அழுத்தினால் கீச்சென்று கத்தி நின்றுவிடும்.

கேள்வி: எலுவெய்ட்டி சுவிட்சர்லாந்து பேண்ட். அது எப்படி செல்டிக்?

பதில்: செல்ட் என்றால் அயர்லாந்து மட்டுமா? பழைய செல்டுகளின் இரும்புக்கால லா தென் பண்பாட்டுக்குப் பெயர் தந்த இடமே சுவிட்சர்லாந்தில், நொஷாத்தெல் ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஹெல்வேத்தியர் காலிஷ் என்ற பழைய செல்டிக் மொழி பேசிய செல்டுகள். பேண்டின் பெயரும் இத்தாலியின் மாந்துவாவில் கிடைத்த பழைய எத்ருஸ்கன் எழுத்துப் பொறிப்பிலிருந்து வந்தது.

கேள்வி: சரி, ஆனால் அவர்கள் வாசிக்கும் ஹர்டி-கர்டி, கைப்பிடி சுற்றி வாசிக்கும் தந்திக்கருவி, செல்டிக் கருவி இல்லையே?

பதில்: இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இடைக்கால ஐரோப்பியக் கருவி அது. மொழி காலிஷ், மெட்டுகளில் பல அயர்லாந்து, கருவி வேறிடம். ஆனால் அயர்லாந்து இசையின் புசூக்கி என்ற நீள்கழுத்துத் தந்திக்கருவியும் 1960களில் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். அதை யாரும் வெளியே தள்ளவில்லை.

கேள்வி: எந்த பேண்டில் தொடங்குவது?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பைப் மலிவாக இருக்கிறதே?

பதில்: வேண்டாம், வேண்டாம். அந்தக் காசில் ஒரு டி விசில் வாங்குங்கள்.