மருந்து ஊற்றுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2 அடி தொட்டியில் ஐந்து மாதமாகச் செர்ரி இறால் என்ற சிவப்பு நன்னீர்க் குட்டி இறால் வளர்க்கிறேன். 40 இறால் இருந்தன. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வாய்க்காலிலிருந்து கொஞ்சம் பாசி எடுத்து வந்து போட்டேன். அதற்கப்புறம் ஒன்றரை மாதமாக ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. பெரிய இறாலும் 15தான் கண்ணில் படுகிறது. செத்த உடம்பும் கிடைப்பதில்லை. கண்ணாடியில் வெள்ளைப் புழு ஊர்கிறது, நூல்போல ஒன்று நெளிகிறது, குட்டிக் கைகளோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொல்கிறார், நண்பர் கப்பி மீன் விடச் சொல்கிறார். எதைச் செய்வது?"

இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது புழு இல்லை, காணாமல் போன அந்த 25 பெரிய இறால்தான். கண்ணாடியில் ஊரும் வெள்ளைப் புழுவால் ஒன்றரை மாதத்தில் நல்ல திடமான 25 இறாலைத் தின்ன முடியாது. தண்ணீர் கெட்டுச் செத்திருந்தால், மற்ற இறால்கள் தின்றது போக ஒன்றிரண்டு சிவந்த உடல்களாவது கிடைத்திருக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லை, வாய்க்கால் பாசியும் வந்திருக்கிறது என்றால் என் சந்தேகம் தட்டான் மேல்தான்.

வானத்தில் பறக்கும் அதே தட்டான்தான். அதன் குஞ்சுப் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் கழிகிறது. சேற்று நிறத்திலோ பாசிப் பச்சையிலோ இருக்கும். ஆறு கால், பெரிய கண். கீழுதடு மடித்து வைத்த கை மாதிரி முகத்துக்கு அடியில் இருக்கும். இறால் பக்கத்தில் வந்தால் அந்த உதடு கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு, நுனிக் கொக்கியால் பிடித்து வாய்க்கு இழுத்துவிடும். வால் நுனியில் இலை போல மூன்று தகடுகள் இருந்தால் ஊசித்தட்டான், இல்லாமல் உடம்பு தடித்திருந்தால் பெரிய தட்டான். இரண்டுமே இறாலுக்கு எமன். பெரிய தட்டான் குஞ்சு ஒன்றே ஒன்று இருந்தாலும் ஒரு சின்னத் தொட்டியைக் காலி செய்துவிடும். தருமபுரியில் என் மாடித் தொட்டியில் அப்படித்தான் ஆனது. தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு மாதம் தண்ணீரை மாற்றினேன். கடைசியில் பாசியைப் பிரித்தபோது என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரியதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தத் தொட்டியில் மிச்சமிருந்தவை ஆறு இறால். இன்றும் அது என் மனத்தில் உறுத்துகிறது.

இன்று ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டுகளின் அடி, ஃபில்டர் குழாயின் பின்பக்கம், மரக்கட்டையின் அடிப்புறம் மூன்றையும் விடாதீர்கள். காலையில் தொட்டித் தண்ணீரையே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, செடிகளைக் கொத்துக் கொத்தாக எடுத்து அதற்குள் உதறுங்கள். வெள்ளை டப் முக்கியம், பச்சை டப்பில் பச்சைப் பூச்சி தெரியாது. உதறும்போது விழும் இறால் குஞ்சுகளைக் கரண்டியால் திருப்பி விடுங்கள். தட்டான் குஞ்சு கிடைத்தால் கொல்ல வேண்டாம், பாசி எடுத்த அதே வாய்க்காலில் விட்டுவிடுங்கள். அங்கே அது கொசுப் புழுவைத் தின்று நமக்கே நல்லது செய்யும். ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடவும் கூடாது. ஊசித்தட்டான் செடியின் தண்டுக்குள்ளேயே முட்டையைச் செருகி வைப்பதால், எவ்வளவு அலசினாலும் முட்டை போகாது. வாரம் ஒரு தடவை என்று இரண்டு மாதம் இதே வேலையைச் செய்யுங்கள். வாய்க்கால் பாசி முழுவதையும் தூக்கிப் போடவும் மனம் வந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் கண்ணாடியில் இருக்கும் மற்றவை. நூல்போல மெலிந்து, தண்ணீரில் எட்டு எட்டாக நெளிந்து நீந்துவது குப்பைப் புழு. மணலில் தங்கும் கழிவைத் தின்று வாழ்கிறது, இறாலை ஒன்றும் செய்யாது. தத்தித் தத்திப் போகும் வெள்ளைப் புள்ளிகளும் அப்படியே, குஞ்சுகளோடு சண்டைக்கு வராது. நீங்கள் பார்க்க வேண்டியது நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் தட்டைப் புழுவை. பூதக்கண்ணாடியில் தலை அம்பு முனைபோல முக்கோணமாகவும் இரண்டு கண்களோடும் தெரிந்தால் அது பிளானேரியா. தோல் உரித்து மெத்தென்று கிடக்கும் இறாலையும் புதிதாய்ப் பிறந்த குஞ்சையும் அது தின்னும். கண்ணாடியோடு வைத்து நசுக்காதீர்கள். துண்டானால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரக்கூடியது. குட்டிக் கைகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஹைட்ரா. கைகளில் இருக்கும் கொட்டும் செல்களால் 2 மில்லிமீட்டர் குஞ்சைப் பிடித்துவிடும், பெரிய இறாலிடம் அதன் பாச்சா பலிக்காது.

பிளானேரியாவோ ஹைட்ராவோ உறுதியானால் மட்டும் மருந்து. ஃபென்பெண்டசோல் என்பது மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் குடற்புழு மாத்திரை. கிருஷ்ணகிரியில் கால்நடை மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அட்டையைத் திருப்பிப் படித்து, ஃபென்பெண்டசோல் மட்டுமே இருப்பதை வாங்குங்கள். ஐவர்மெக்டின் கலந்த மாத்திரைகளும் உண்டு. ஐவர்மெக்டின் இறாலைக் கொன்றுவிடும், இதில் ஒரு தடவை தவறினால் திருத்த முடியாது.

அளவு இப்படி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் கணக்கில் 56 லிட்டர். மணலும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் மருந்து போதும். 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நன்றாகப் பொடித்து, 100 மில்லி தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள். முழுதும் கரையாது, அதனால் ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டு சிரிஞ்சால் 18 மில்லி எடுத்து ஃபில்டர் காற்றுக்குமிழி வரும் இடத்தில் ஊற்றுங்கள். கரி போட்ட ஃபில்டராக இருந்தால் கரியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் 30 சதவீதம் தண்ணீரை மாற்றிவிட்டு 9 மில்லி. பிளானேரியா இன்னும் தெரிந்தால் மட்டும் மூன்று நாள் கழித்து மறுபடி 9 மில்லி. செத்த புழுக்கள் அழுகும்போது அமோனியா ஏறும், அதனால் அந்த வாரம் தீனி நிறுத்தம். நெரைட் நத்தையோ ஆப்பிள் நத்தையோ இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மருந்து மணலில் பல வாரம் தங்குவதால் அவசரப்பட்டுத் திரும்ப விடவும் வேண்டாம்.

வெளிநாட்டில் விற்கும் சில பிளானேரியா மருந்துகள் பாக்கிலிருந்து எடுக்கும் சாறுதான். அதற்காக வெற்றிலைப் பாக்கை இடித்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், எவ்வளவு சாறு இறங்குகிறது என்று நம்மால் அளக்க முடியாது. வேப்பெண்ணெய் கூடவே கூடாது. பூச்சிகள் தோல் உரிப்பதை அது கெடுக்கிறது, இறாலும் தோல் உரித்து வளரும் உயிர்தான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் செடியைத் தனியாக வாளியில் நனைக்கப் பயன்படுத்தலாம். இறால் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் இறாலின் செவுளும் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும். தாமிரம் கலந்த மீன் மருந்துக்கும் இதே பதில். கப்பி மீன் ஹைட்ராவைத் தின்கிறதோ இல்லையோ, இறால் குஞ்சை முதலில் தின்னும்.

மருந்தை விடவும் எனக்குக் கவலை தருவது தீனி. பிளானேரியா இவ்வளவு பெருகியிருந்தால் தொட்டியில் மிச்சத் தீனி இருக்கிறது என்று பொருள். 15 இறாலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவே போடுங்கள், மிச்சத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பட்டுப்புழுவுக்கு மல்பெரி போட்டிருப்பவர்கள் நிறைய. இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்த மல்பெரி இலை அருமையான தீனி. மருந்து அடிக்காத இலைதானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாய்க்கால் பாசியிலும் இதே பயம் உண்டு, மாந்தோப்பிலும் வயலிலும் அடிப்பது வாய்க்காலுக்குத்தானே வந்து சேர்கிறது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 400ஐத் தாண்டினால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 200 பக்கம் கொண்டுவாருங்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. குழாய்க் குடிநீர் என்றால் அதில் குளோரின் இருக்கும், ஒரு நாள் காற்று ஓடவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

அடுத்த தடவை செடி எங்கிருந்து வந்தாலும், வாய்க்காலோ பெங்களூர் கடையோ, ஒரு மாதம் தனி வாளியில் மூடி போட்டு வையுங்கள். தட்டான் முட்டை பொரிந்து நடமாட அதற்குள் நேரம் கிடைத்துவிடும். மாடியில் திறந்த தொட்டி இருந்தால் கொசுவலை கட்டுங்கள், தட்டான் நேராகப் பறந்து வந்தும் முட்டையிடும்.

முட்டை சுமக்கும் பெண் இறால் ஏதாவது மிச்சமிருக்கிறதா பாருங்கள். சுமார் 25 முதல் 30 நாளில் முட்டை பொரிந்து 20, 30 குஞ்சுகள் வரும், பெரியவற்றைப் போலவே உருவம் முழுதாக இருக்கும். பொரிந்து பத்து நாள் கழித்து, ராத்திரி டார்ச் அடித்து எண்ணுங்கள். பாதியாவது தெரிந்தால் தொட்டி சரியாகிவிட்டது. தெரியவில்லை என்றால் அந்த வெள்ளை டப்பை மறுபடி எடுங்கள், அங்கே இன்னொரு தட்டான் குஞ்சு இருக்கக்கூடும்.