மெழுகுவர்த்தித் தொழிலில் 'சமூக அக்கறை' என்பதெல்லாம் உண்மையா, விற்பனைப் பேச்சா?

கேட்டவர் ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர். நாலைந்து பெண்களை வைத்து வீட்டளவில் வர்த்தி போடலாம் என்று நினைக்கிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் கதையையும் சமூக அக்கறையையும் சொல்லித்தான் விற்கிறார்கள், அதில் எவ்வளவு நிஜம் என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் உண்டு. காட்பாடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மா ஒரு சின்ன வர்த்திப் பட்டறை நடத்துகிறார். கணக்கு எழுதுவதும் கடைகளுக்குச் சரக்குப் போடுவதும் என் வேலை. சமூக அக்கறை என்ற வார்த்தை அம்மா வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் கூலியை எப்படிக் கொடுப்பது, யாரை எந்த வேலையில் உட்கார வைப்பது, எந்த ஆர்டரை வேண்டாம் என்பது, இந்த மூன்றிலும் அவருக்குப் பிடிவாதம் அதிகம். உங்கள் கேள்விக்கு அதிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

முதலில் கூலி. அம்மா பிறந்தது குடியாத்தம். அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றி வளர்ந்தவர். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கட்டிக் கொண்டுபோனால் ஏஜென்ட்டு பிரித்துப் பார்ப்பார். இலை கிழிசல், தூள் பத்தவில்லை என்று ஒரு கை அள்ளி ஒதுக்கி வைப்பார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, அந்தப் பீடியும் திரும்பக் கைக்கு வராது. அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், கேட்டால் அடுத்த வாரம் இலை கிடைக்காது.

மெழுகில் இந்தக் கதைக்கே இடமில்லை. கோணலாக வந்த வர்த்தி, திரி நடுவில் நிற்காத வர்த்தி, பள்ளம் விழுந்த வர்த்தி எல்லாம் திரும்ப அண்டாவுக்குள் போய் உருகிவிடும். கொஞ்சம் கேஸும் கொஞ்சம் நூலும்தான் நஷ்டம். இதை அம்மா முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். "பாழே ஆவாத பொருளுக்கு இன்னாத்துக்குக் கூலியப் புடிக்கிறது?" என்பார். அதனால் எங்களிடம் நாள் கூலிதான். எண்ணிக்கைக் கூலி கிடையாது.

எண்ணிக்கைக் கூலி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. நாங்கள் வாங்கும் பாரஃபின் மெழுகு 58 முதல் 60 டிகிரியில் உருகும். அச்சில் ஊற்றும்போது எழுபத்தைந்து, எண்பது டிகிரி இருக்க வேண்டும். கெட்டிப்படவும், அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரவும் கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் சேர்ப்போம். ஊற்றியதும் மெழுகு ஆறிச் சுருங்கும், திரியைச் சுற்றிக் குழி விழும், மறுபடி ஒரு முறை ஊற்றி நிரப்ப வேண்டும். இந்த ஆறும் நேரத்தை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டால் ஆறுவதற்கு முன் அச்சைப் பிரிப்பார்கள், கொதிக்கிற கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மெழுகு தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். எண்ணிக்கைக் கூலி கொடுக்கிற பட்டறையில் பெண்களின் முன்கையைப் பாருங்கள், நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, யாரை வேலைக்கு வைப்பது. எங்களிடம் இருப்பவர்களில் ஒரு அக்கா, சின்ன வயதில் தொழுநோய் வந்து கரிகிரி மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக் குணமானவர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: கரிகிரி 1955 முதல் தொழுநோய்க்கென்றே இருக்கும் இடம், காட்பாடியிலிருந்து பக்கம்தான். கூட்டுமருந்து சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இந்த நோய் அடுத்தவருக்குப் பரவாது. ஆனால் நரம்பு போன இடத்தில் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அக்காவின் வலது கையில் மூன்று விரல்களுக்குச் சூடு தெரியாது.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். விரல்கள் தேய்ந்து போவது நோய் தின்பதால் இல்லை, வலி தெரியாததால் படுகிற காயங்களால்தான் என்று உலகத்துக்குப் புரியவைத்ததில் அவர் பங்கு பெரியது. இங்கே சிஎம்சியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பெருமை பேசுவோம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் எங்கள் பட்டறையின் ஒரு விதி இதிலிருந்து நேராக வந்தது.

அக்கா வந்த புதிதில் மெழுகு ஊற்றும் வேலையைத்தான் கேட்டார். ஊற்றுகிறவருக்குப் பட்டறையில் ஒரு மரியாதை உண்டு. அம்மா முடியாது என்றார். அக்காவுக்குக் கோபம். "ஊர்ல எல்லாரும் ஒதுக்குனாங்க, நீயும் ஒதுக்குறியா?" என்று கேட்டுவிட்டார். "ஒதுக்கல அக்கா, உங்க கைக்குச் சூடு தெரியாது, எனக்குத் தெரியும். அதான்" என்று அம்மா சொன்னார். கொஞ்ச நாள் இருவருக்கும் பேச்சு சரியில்லை. பிறகு எடை போடுவதும் பாக்கெட் கட்டுவதும் அக்காவிடம் வந்தது. அதில் அவர் காட்டும் கறார் எனக்கே பயம். ஒரு வர்த்தி மெலிந்திருந்தாலும் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார். சாயங்காலம் எல்லோரும் கை கழுவும்போது அவர் தன் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என்று. தினமும் பார்க்க வேண்டும் என்பது கரிகிரியில் சொல்லிக் கொடுத்த பழக்கம். இப்போது பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

விற்பனைப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கேட்டீர்கள் இல்லையா, இனி அதுதான். பரிசுப் பொருள் விற்கும் ஒரு சென்னை நிறுவனம் கிறிஸ்துமஸுக்குப் பெரிய ஆர்டர் கொடுக்க வந்தது. வந்தவர் நல்ல மனிதர்தான். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. டப்பாவின் மேல் அக்காவின் படம், பக்கத்தில் அவர் கதை, 'குணமான கைகளின் வெளிச்சம்' என்ற மாதிரி ஒரு வரி. விலையையும் அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம் என்றார். உண்மையைச் சொன்னால் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அம்மா அக்காவிடமே கேட்டார். அக்கா யோசிக்கக்கூட இல்லை. "என் மருமகப் பொண்ணு வூட்டுக்காரங்களுக்கே இது தெரியாது. டப்பாவுல போட்டு ஊரு பூரா அனுப்பப் போறீங்களா?" என்றார். ஆர்டர் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதி, படம் இல்லாத டப்பாவில் போனது.

கதை சொல்லி விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மகாபலேஷ்வரில் பவேஷ் பாட்டியா 1994இல் சன்ரைஸ் கேண்டில்ஸ் தொடங்கினார். அவருக்குப் பார்வை கிடையாது, பார்வையற்றவர்களுக்கு வேலை கொடுக்கிறார், தன் கதையைத் தானே மேடை ஏறிச் சொல்கிறார். அவர் கதை, அவர் இஷ்டம். நாள் கூலிக்கு வரும் ஒரு பெண்ணிடம் முதலாளி போய் உங்கள் கதையை டப்பாவில் போடலாமா என்று கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? எங்கள் அக்காவுக்கு இருந்தது. எல்லா இடத்திலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு டப்பாவில் கண்ணீர்க் கதையைப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு நாள் கூலி எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள்.

இனி யாருக்கு விற்கிறோம் என்பது. அம்மா தொடங்கியது கரண்ட் இல்லாத காலத்தில். 2012இல் சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் மின்வெட்டு. சிஎம்சியைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளுக்குப் பெட்டி பெட்டியாகப் போட்டோம். பிறகு மின்சாரம் சீரானது, இன்வெர்ட்டர் வந்தது, எல்இடி விளக்கு வந்தது. அந்தக் காலத்தில் கிளம்பிய பட்டறைகள் பல மூடிவிட்டன. எங்களைத் தாங்கியது மாதா கோயில்களும் கல்லறைத் தோட்டங்களும் பிறந்த நாள் கேக்குகளும்தான். வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளிக் குடும்பங்களும் தீபாவளிக்கு வாங்குவார்கள். ஊர் திரும்ப முடியாவிட்டாலும் அறை வாசலில் வரிசையாக ஏற்றி வைப்பார்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்தான் எங்களுக்குப் பெரிய நாள். கல்லறை வாசலில் கடை போடும் பெண்களிடம் முதலீடு இருக்காது. அதனால் முந்தின நாள் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து, மறுநாள் விற்ற பணத்தையும் விற்காத வர்த்தியையும் வாங்கிக்கொள்வோம். விற்காததை எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம், மெழுகு எங்கும் போகாது. மூன்றாம் தேதி காலையில் இன்னொன்று நடக்கும். எரிந்து வழிந்த மெழுகைச் சுரண்டி மூட்டையில் கொண்டுவருவார்கள். சின்னப் பிள்ளைகள் கொண்டுவந்தால் அம்மா வாங்க மாட்டார், பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித் துரத்துவார். பெரியவர்கள் கொண்டுவந்தால் எடைக்கு வாங்கி, உருக்கித் துணியில் வடிகட்டி, வண்ணம் சேர்த்துத் தனியாக வைப்போம். இந்த மெழுகில் பிறந்த நாள் வர்த்தி செய்யவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். "சாவுக்கு ஏத்துனத புள்ள பொறந்த நாளுக்குக் குடுப்பியா?" என்பார். கெமிஸ்ட்ரி தெரிந்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். நானும் வாதாடிப் பார்த்திருக்கிறேன். அந்த மெழுகு அடுத்த வருஷம் கல்லறைக்கே திரும்பப் போகிறது, நான் கணக்கில் தனிப் பத்தியில் எழுதுகிறேன்.

சரி, நீங்கள் தொடங்குவதைப் பற்றி. ராணிப்பேட்டை வெயிலும் எங்கள் வெயிலும் ஒன்றுதான். மே மாதத்தில் ஷீட் கூரைக்கு அடியில் வர்த்தியை நிற்க வைத்தால் மதியத்துக்குள் தலை சாய்ந்துவிடும். சமமான பலகையில் படுக்க வைத்து அடுக்குங்கள். கோடையில் விடியற்காலை வேலைதான் சரிப்படும், பத்து மணிக்கு மேல் அச்சை ஆற வைக்கிற தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் அண்டாவுக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரிகிற மெழுகு சிதறி நாலா பக்கமும் பரவும். கேஸை மூடிவிட்டு மூடியால் மூடுங்கள், ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நைலான் புடவையோடு யாரையும் அடுப்புப் பக்கம் விடாதீர்கள். பிள்ளைகள் முன் அறையோடு நிற்கட்டும்.

பணத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைக் கேளுங்கள். பெண்களுக்குத் திட்டச் செலவில் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் வரை மானியம் உண்டு, கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் மானியம் உடனே கைக்கு வராது, கடன் கணக்கில் நிற்கும், அதை நம்பிச் செலவு வைத்துக்கொள்ளாதீர்கள். மெழுகுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுவீர்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லையென்றால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, விலை போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாரஃபின் என்பது பெட்ரோலியச் சரக்கு, கச்சா எண்ணெய் ஏறினால் அதுவும் ஏறும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது வாராவாரம் விலை மாறி, எங்கள் பழைய ஆர்டர்களில் லாபமே நிற்கவில்லை. அந்த வருஷமும் நாள் கூலியைக் குறைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார், அதற்குப் பதில் பெரிய வர்த்தியைக் கொஞ்ச நாள் நிறுத்தினோம். கல்லறைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சரக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே மெழுகை வாங்கி வையுங்கள், அக்டோபரில் எல்லோரும் வாங்க வருவார்கள். நாலைந்து பெண்கள் என்று சொன்னீர்கள், முதல் வருஷம் இரண்டு பேருக்கு விடாமல் கூலி கொடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.