மணிப்புறாவைத் தூக்கிப் போனது எது?

கேள்வி: சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் இருக்கிறோம். கொல்லையில் தினமும் ஒரு தட்டில் அரிசி வைப்பேன். ஜூலையில் ஒரு நாள் காலை, காக்கை அளவுப் பறவை ஒன்று பாய்ந்து மணிப்புறாவைத் தூக்கிப் போய்விட்டது. மஞ்சள் கண், நெஞ்சில் பழுப்புக் கோடுகள். மாமியார் கருடன் என்கிறார், மகன் கழுகு என்கிறான். எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்துக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை, உடல் செங்கல் நிறம். அது வானில் வட்டமிடும், நீர்ப்பரப்பிலும் கரையிலும் இரை பொறுக்கும். கொல்லையில் தாழப் பறந்து புறாவை அடிப்பது அதன் வழக்கமல்ல. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கொண்டை வல்லூறு.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது மாதம்தான். இதே சாயலில் ஜப்பானிய வல்லூறும் இங்கு வரும். ஆனால் அது வலசைப் பறவை, ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் சிங்கப்பூரில் தங்கும். ஜூலையில் வடக்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். உருவமும் சிறியது, மைனாவைவிடச் சற்றே பெரிதாக இருக்கலாம். கொண்டை வல்லூறு ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. ஒருகாலத்தில் அரிதாக இருந்த இது, இன்று ஊருக்கு நடுவே உள்ள பூங்கா மரங்களிலும் கூடு கட்டுகிறது. எனக்கு அதில் பெரும் மகிழ்ச்சி.

மறுபடி வந்தால் முதலில் தொண்டையைப் பாருங்கள். வெள்ளைத் தொண்டையின் நடுவில் மை தீட்டியதுபோல் தடித்த கருங்கோடு ஒன்று இறங்கும். நெஞ்சில் கோடுகள் நெடுக்காகவும் வயிற்றில் பட்டைகள் குறுக்காகவும் இருக்கும். வாலடியில் வெள்ளை இறகு பஞ்சுபோல் பொங்கி நிற்கும். பிடரியில் உள்ள சிறு கொண்டை எப்போதும் தெரியாது, அதை நம்ப வேண்டாம். புள்ளிபோட்ட பெண் குயிலைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. குயிலுக்குக் கண் சிவப்பு, அலகு கொக்கிபோல் வளையாது.

அரிசித் தட்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: இன்றே எடுத்துவிடுங்கள். அனுமதியின்றிக் காட்டுப் பறவைகளுக்கு உணவிடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. சட்டத்தைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது நோய். ஒரே தட்டில் பல புறாக்கள் கொத்தும்போது வாய், தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி ஒன்று எளிதாகப் பரவும். நோயுற்ற புறாவைத் தின்னும் வல்லூறுக்கும் அது தொற்றும், தொண்டை அடைத்துப் பட்டினியிலேயே சாகக்கூடும். வீட்டை ஒட்டித் துரத்தும்போது கண்ணாடிச் சன்னலில் மோதி விழும் ஆபத்தும் இருக்கிறது.

பறவைகள் வேண்டுமென்றால் எலிகோனியாவோ செம்பருத்தியோ வையுங்கள், தேன்சிட்டு தானாக வரும். வல்லூறும் வராமல் போகாது. மைனா, ஓணான், அணில் எல்லாம் அதற்கு இரைதான். காலையில் தேடும்போது மர உச்சியைப் பார்க்காதீர்கள். நடுக்கிளையில், இலை மறைவில், அசையாமல் உட்கார்ந்திருக்கும்.