நாலு ஸ்க்ரூ – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 27 வயது. சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், வேலை ஒயிட்ஃபீல்டில். பாடி பிளந்துபோன பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. விரல் ஓடும் கழுத்தான நெக் மட்டும் நன்றாக இருக்கிறது. மேப்பிள், நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற வகை. பேம்பூ பஜாரில் மகோகனிப் பலகை வாங்கிவிட்டேன். புது பாடி செய்து, இந்த நெக்கை ஸ்க்ரூ இல்லாமல் பசையால் ஒட்டி ‘செட் நெக்’ ஆக்கிவிடலாம் என்று எண்ணம். ஒட்டினால்தான் நாதம் நீண்டு நிற்கும் என்கிறார்கள். பாடியில் கம்பிகளைத் தாங்கும் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜும் வாங்கியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆசாரித் தாத்தா மட்டும், “ஒட்டிட்டா பிரிக்க முடியாதுப்பா, யோசிச்சுக்க” என்கிறார். உங்கள் கிட்டாரை நீங்களே செய்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். ஒட்டலாமா?

ர., பெங்களூரு

அன்புள்ள ர.,

நான் தாத்தாவின் கட்சி. ஒட்டுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். ஒரு மாதம் ஸ்க்ரூவிலேயே ஓடட்டும்.

நீங்கள் கேட்டது பசையைப் பற்றி. எனக்கு உறுத்தியது பிரிட்ஜ். ஸ்க்ரூ போடுகிற இந்த வகை நெக்கின் அடிப்பாகம் வழக்கமாக 25 மி.மீ. தடிமன் இருக்கும். பாடியில் அதற்குக் குடைகிற குழி 16 மி.மீ. ஆழம். மிச்சம் 9 மி.மீ. பாடிக்கு மேலே நிற்கும். அதற்கு மேல் ஃப்ரெட் என்கிற உலோக மெட்டு, அதற்கு மேல் கம்பி. கணக்குப் போட்டால் பிரிட்ஜில் கம்பி பாடியிலிருந்து 13 மி.மீ. உயரத்தில் வந்தால் விரலுக்கு இதம். டியூன்-ஓ-மேட்டிக் 1954இல் கிப்சன் கம்பெனி கொண்டுவந்தது. மேல்பக்கம் புடைத்த பாடி, பின்னால் சாய்ந்த நெக், இந்த இரண்டுக்கும் ஏற்ற உயரம் அதற்கு. நான் வாங்கிய ஒன்று எவ்வளவு இறக்கியும் 17 மி.மீ.க்குக் கீழே வரவில்லை. 4 மி.மீ.தானே என்று தோன்றும். 12ஆவது ஃப்ரெட் கம்பிக்கு நடுமத்தி, அதனால் அங்கே இதில் பாதி ஏறும். ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 2 மி.மீ. இருக்கவேண்டிய இடைவெளி 4 ஆகிவிடும். அந்தக் கிட்டாரில், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துகிற பார் கார்டு பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

இதற்கு இரண்டு வழி. தட்டையான ஹார்ட்டெயில் பிரிட்ஜுக்கு மாறுவது சுலபம், முதல் கிட்டாருக்கு நான் சொல்வதும் அதுதான். இல்லை, இந்த பிரிட்ஜ்தான் வேண்டும் என்றால் நெக்கைச் சாய்க்கவேண்டும். நெக் பாடிக்குள் நுழையும் இடத்திலிருந்து பிரிட்ஜ் வரை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 டிகிரி சாய்த்தால் பிரிட்ஜ் பக்கம் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அந்த 1 டிகிரிக்கு, 75 மி.மீ. நீளக் குழியின் உட்கோடியில், அதாவது பிரிட்ஜைப் பார்த்த ஓரத்தில், 1.3 மி.மீ. மரச்சீவல் வைத்தால் போதும். ஸ்க்ரூ இருந்தால் இதைச் சாயங்காலம் டீ ஆறுவதற்குள் செய்து பார்க்கலாம். சீவலை மாற்றி, கம்பி ஏற்றி, வாசித்து, மறுபடி கழற்றி, எத்தனை தடவை வேண்டுமானாலும். ஒட்டிவிட்டால் கிடையாது. தாத்தா சொன்னது இதைத்தான், அவருக்குக் கிட்டார் தெரியாவிட்டாலும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அல்சூரில் மாடி வீட்டில் இருந்தபோது செய்த முதல் கிட்டார். அளந்து, குழி வெட்டி, பசை தடவி, கிளாம்பை முடுக்கினேன். பசை ஈரமாக இருக்கும்போது சோப்பு மாதிரி வழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நெக் குழிக்குள் அரை மி.மீ. திரும்பியிருக்கிறது. 75 மி.மீ.க்கு அரை என்றால் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் கட்டையான நட் வரை போகும்போது இரண்டரை மி.மீ. மறுநாள் கம்பி கட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தடித்த கம்பிக்கும் ஓரத்துக்கும் நடுவே தாராளமாக இடம், இன்னொரு பக்கம் மெல்லிய ஈ கம்பி விரல் பட்டதும் ஓரத்திலிருந்து வழுக்கி விழுந்தது. பிரிட்ஜைப் பெயர்த்து நகர்த்தி, பழைய துளைகளை அடைத்து, அந்த அடைப்பு தெரியாமல் இருக்க ஒரு கறுப்புத் தகடு ஒட்டினேன். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

ஆகவே ஒட்டும் நாளிலும் ஸ்க்ரூவை விடாதீர்கள். ஒரு மாதம் வாசித்துப் பார்த்து, கோணமும் உயரமும் சரி என்று தெரிந்த பிறகு, சீவலை எடுத்துவிட்டு அதே சாய்வில் குழியின் தரையைச் செதுக்குங்கள், அல்லது குழி முழுக்க உட்காரும் ஆப்பு ஒன்று இழைத்து வையுங்கள். நெக்கின் அடியில் இருக்கும் வார்னிஷை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து வெறும் மரத்துக்கு வந்துவிடவேண்டும். வார்னிஷ் மேல் தடவிய பசை வார்னிஷைத்தான் பிடிக்கும், மரத்தை அல்ல. பிறகு நாலு ஸ்க்ரூவையும் மெழுகுவர்த்தியில் தேய்த்துப் போட்டு முடுக்குங்கள். நெக்கை இடத்தில் நிறுத்துவதும் அவையே, கிளாம்ப் வேலையும் அவையே. பாடியில் உள்ள துளைகள் ஸ்க்ரூ தடையில்லாமல் போய்வரும் அளவு இருக்கட்டும், மரை கடிக்கவேண்டியது நெக்கில் மட்டும். பாடியிலும் கடித்தால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அப்படியே நின்றுவிடும். பசை காய்ந்ததும் மெழுகு தேய்த்த ஸ்க்ரூ சமர்த்தாகக் கழன்று வரும். துளைகளில் மரக் குச்சி அடித்து மூடிவிடலாம்.

எந்தப் பசை? மரவேலைக்கான மஞ்சள் பசை போதும். பழைய வாத்தியக்காரர்களின் வஜ்ஜிரம், விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை, இன்னும் நல்லது. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும், அதனால்தான் வயலின் பழுது பார்க்கிறவர்கள் இன்றும் அதைக் கைவிடவில்லை. ஆனால் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் வேலையை முடிக்கவேண்டும். முதல் தடவைக்கு அந்தப் பதற்றம் வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று பாருங்கள். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, ட்ரஸ் ராடை, முடுக்கும் மரை நட் எங்கே இருக்கிறது? தலைப்பக்கம் என்றால் கவலையில்லை. ஃபெண்டர் கம்பெனியின் பழைய பாணியில் அடிப்பக்கம் இருந்தால், ஒட்டியபின் அதைத் தொட முடியாமல் போகலாம். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்கின்றன. மார்ச்சில் காய்ந்து ஜூலையில் ஈரம் குடிக்கிற இந்த ஊரில், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்த நட்டைத் திருப்பவேண்டி வரும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கடியில் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும். அளக்க ஜே.சி. ரோட்டில் ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்கிற அதே தகடுதான். அடிப்பக்க நட் என்றால் ஒட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

நாதம் நீளும் என்பதைப் பற்றி. தஞ்சாவூரிலும் இந்த வழக்கு உண்டு. குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்குத் தனி மதிப்பு, துண்டுகளைச் சேர்த்துச் செய்தது ஒட்டு வீணை. அங்கே மரமே ஒலிக்கிறது, அதனால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரில், கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் கேட்பது இரும்புக் கம்பியின் அசைவை. குழி இறுக்கமாக, நெக் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் ஸ்க்ரூவுக்கும் பசைக்கும் என் காது வித்தியாசம் கண்டதில்லை. நெக்குக்கு ஸ்க்ரூ போட்ட, ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்காரர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். நெக் கெட்டால் கழற்றி இன்னொன்றைப் போடலாம் என்று ரிப்பேர்காரராகவே யோசித்தார். 1950களில் அவர் கடையிலிருந்து வந்த ஸ்க்ரூ நெக்குகள் இன்றும் மேடையில் இருக்கின்றன.

பிறகு ஏன் ஒட்டவேண்டும் என்று கேட்பீர்கள். கைக்காக. ஸ்க்ரூவும் அதன் இரும்புத் தகடும் போய்விட்டால் பின்பக்கம் அந்தக் கட்டையான மூலையைச் சீவி உருட்டிவிடலாம். 17, 18ஆவது ஃப்ரெட்டுக்குக் கட்டைவிரல் தடங்கலில்லாமல் போகும். அந்தச் சுகம் நிஜம், அதற்காக ஒட்டலாம்.

வயரிங் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரு மதியம். பிக்கப் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாட் 500கே, ஒற்றைச் சுருள் சிங்கிள் காயில் என்றால் 250கே, வால்யூமுக்கு ‘லாக்’ என்று கேட்டு வாங்குங்கள். பலகையை மட்டும் வெட்ட அவசரப்படாதீர்கள், இரண்டு மாதம் வீட்டுக்குள் சாய்த்து வைத்திருங்கள். தாத்தாவையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், குழியின் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

அந்த பிரிட்ஜைத் திருப்பி அனுப்பக் கடைக்காரர் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்? அதை இன்றைக்கே பாருங்கள்.